ஓட்டு வீடு ஒழுகுகிறது: பிரித்து மேய்வதா, கூரையையே மாற்றுவதா?

கேள்வி, 12 மார்ச் 2022

திருவாரூர் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. நாட்டு ஓடு, அதைத் தாங்கப் பனங்கை (பனையில் அறுத்த கைமரம்), நடுவில் முற்றம். போன ஐப்பசி மழையில் ஏழு இடத்தில் ஒழுகியது. மாமா "இடித்துவிட்டுத் தளம் போடு" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போடச் சொல்கிறார். அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. பழுது பார்ப்பதா, மாற்றுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

13 மார்ச் 2022

பழுது பாருங்கள். ஓட்டு வீட்டின் அருமை சித்திரை வெயிலில் அதன் கீழ் படுத்து எழுந்தவருக்குத்தான் தெரியும். எங்கள் வீடு சீர்காழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அதே நாட்டு ஓடு, அதே முற்றம். முன்னால் திண்ணை, ரேழி, கூடம்; பின்னால் அடுக்களை. எல்லாம் சேர்த்துக் கூரை 900 சதுர அடி வரும். நாங்களும் இந்தக் கோடைக்குள் இதே முடிவை எடுத்தாக வேண்டும். அம்மா உங்கள் அம்மாவைப் போலத்தான், இடிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

13 மார்ச் 2022, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஏழு இடத்தில் ஒழுகுகிறது என்றால் ஏழு ஓடு உடைந்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். எங்களுக்கு வருடாவருடம் ஓடு மாற்றித் தரும் பெரியவர் ஒரு வார்த்தை சொல்வார்: "ஓட்டுல ஓட்டை இருக்காது தம்பி, போட்ட விதத்துலதான் இருக்கும்."

நாட்டு ஓட்டில் ஒரு வரிசை மல்லாந்து கிடக்கும், அதன் இரண்டு ஓரத்தையும் மூடிக்கொண்டு அடுத்த வரிசை கவிழ்ந்து கிடக்கும். தண்ணீர் ஓடுவதெல்லாம் மல்லாந்த ஓட்டில். அதில் வேப்பஞ்சருகு அடைத்தாலோ, பூனை ஓடி ஓர் ஓடு நாலு விரல் கீழே இறங்கினாலோ போதும், தண்ணீர் ஓரம் தாண்டி உள்ளே இறங்கிவிடும். ஓடு முழுசாக இருக்கும், வீடு ஒழுகும். ஆகவே முதலில் ஒருவரை ஏற்றிச் சருகு கூட்டி, நகர்ந்ததைச் சரி செய்துவிட்டு, அப்புறம் எத்தனை இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

20 மார்ச் 2022

இன்று எங்கள் வீட்டில் ஒரு பரிசோதனை செய்தோம். நடுப்பகலில் கதவு, சன்னல் எல்லாம் அடைத்துவிட்டுக் கூடத்தில் அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சப் புள்ளிகள் இருபத்துமூன்று. தங்கை மகன் மேலே ஏறி முகட்டிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் குடத்துத் தண்ணீரை ஊற்றினான், நான் கீழே நின்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்தேன்.

வெளிச்சம் வந்த இருபத்துமூன்றில் தண்ணீர் வந்தது நான்கில்தான். வெளிச்சமே வராத ஓர் இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது, கூடத்து மேற்கு மூலையில். பத்து வருடமாக அங்கேதான் அண்டா வைக்கிறோம். அதற்கு நேர் மேலே உள்ள ஓடுகளை எத்தனை முறை மாற்றியிருப்போம்! இன்றுதான் தெரிந்தது, தண்ணீர் இறங்குவது எட்டடி தள்ளிக் கூடல்வாயில். அங்கிருந்து, ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து, ஒரு முடிச்சில் முட்டி, கீழே சொட்டுகிறது. பத்து வருடம் தவறான ஓட்டை மாற்றியிருக்கிறோம்.

முற்றம் உள்ள வீடு என்றால் நான்கு மூலையிலும் இரண்டு சரிவு கூடும் அந்தக் கூடல்வாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பக்கத் தண்ணீரும் அந்த ஒரே வழியாகத்தான் முற்றத்துக்கு இறங்குகிறது.

27 மார்ச் 2022

ஆசாரி வந்தார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, ஏணியில் ஏறி மரத்தைக் குத்த ஆரம்பித்தார்.

திண்ணையிலும் ரேழியிலும் தேக்கு. திருப்புளி உள்ளே போகவே இல்லை. கூடத்தில் பனங்கை. பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில் சோறு. முற்றின பனையாக இருந்தால் கறுத்த வைரம் மூன்று தலைமுறை தாங்கும். இளம்பனையை அறுத்துப் போட்டிருந்தால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். கூடத்தில் நாற்பத்திரண்டு கை. தட்டிப் பார்த்தால் வைரம் பாய்ந்தது கணீரென்கிறது, உளுத்தது பொத்தென்கிறது. பதினொன்று பொத். மிச்சம் நன்றாக இருக்கிறது.

அடுக்களைப் பக்கம் போனதும் அவர் முகம் மாறிவிட்டது. சுவர்மேல் படுக்கையாக ஒரு மரம் கிடக்கும், எல்லாக் கைமரத்தின் காலும் அதன்மேல்தான் உட்காரும். அதில் திருப்புளி பிடிவரைக்கும் போயிற்று. கையால் கிள்ளினால் புட்டு மாதிரி உதிர்கிறது. சுவரோடு சேர்ந்த மரம் ஓதம் குடித்துக் குடித்து இற்றுப்போயிருக்கிறது, மேலே கரையானும் ஏறியிருக்கிறது. முகட்டில் நூல் பிடித்துப் பார்த்தோம். பதினாறு அடி நீளத்தில் நடு மூன்று விரற்கடை தொங்குகிறது. சரிவு குறைந்து போனதால் தண்ணீர் வேகமாக இறங்காமல் நின்று நின்று உள்ளே ஏறுகிறது. அடுக்களையில் எத்தனை முறை ஓடு மாற்றினாலும் ஒழுகியதன் காரணம் இதுதான். அம்மா தினமும் இதன் கீழே நின்றுதான் சமைக்கிறார்.

28 மார்ச் 2022

முதல் குறிப்பில் "பழுது பாருங்கள்" என்று ஒரே மூச்சில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நான் ஓட்டை நினைத்துக்கொண்டு சொன்னேன். முடிவைச் சொல்வது மரம். உங்கள் வீட்டிலும் ஆசாரியை அழைத்துக் குத்திப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாயாதீர்கள். அதிலும் கைமரத்தின் நடுவைக் குத்தினால் போதாது, சுவரில் உட்காரும் நுனியைக் குத்த வேண்டும்.

3 ஏப்ரல் 2022

தளம் போடுவதைப் பற்றி இங்கே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் அதை முழுசாக விசாரித்தேன், வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு விசாரிக்கவில்லை.

சீமை ஓட்டுக் கூரை (ஆலையில் செய்த, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓடு), அதைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தையும் சேர்த்துச் சதுர அடிக்கு 6 கிலோ அளவில் வரும். நாட்டு ஓடு நெருக்கி மேய்ந்தால் அதைவிடக் கூடும், நனைந்தால் இன்னும் கூடும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. மேலே சுருக்கியும் (சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்து) தட்டை ஓடும் போட்டால் 40ஐத் தாண்டும். ஆக, சுவர் இதுவரை தூக்கியதைப் போல ஐந்து, ஆறு மடங்கு தூக்க வேண்டும்.

எங்கள் சுவர் என்ன என்று பார்க்கக் கொல்லைப்பக்கம் ஓர் இடத்தில் பூச்சைக் கொத்தினோம். உள்ளே சின்னச் செங்கல், நடுவில் களிமண். மேல்பூச்சு மட்டும்தான் சுண்ணாம்பு. அஸ்திவாரத்தைத் தோண்டினால் இரண்டே முக்கால் அடியில் முடிந்துவிட்டது. எங்கள் ஊர் களிமண் பூமி, மழையில் ஊறி எழும், கோடையில் வெடிக்கும். பார்த்த பொறியாளர் நேராகச் சொல்லிவிட்டார்: இந்தச் சுவர்மேல் தளம் வைக்கக்கூடாது, வேண்டுமென்றால் தனியாகத் தூண் எழுப்பி, பீம் ஓட்டி, அதன்மேல்தான் தளம். அப்படிச் செய்தால் பேருக்குத்தான் கூரை மாற்றம், உண்மையில் புது வீடு. ஒன்பது லட்சம் கணக்குச் சொன்னார்.

உங்கள் மாமா தளம் போடச் சொன்னால் அவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: சுவருக்குள் சிமெண்டா, மண்ணா?

3 ஏப்ரல் 2022, சற்றுப் பிறகு

மண்சுவர் மட்டம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஓட்டைத் தாங்கக் கட்டிய சுவர், ஓட்டை நன்றாகத் தாங்குகிறது.

10 ஏப்ரல் 2022

ஷீட். எங்கள் தெருவில் மூன்று வீடு மாறிவிட்டது. சீக்கிரம் முடியும், எடை குறைவு, குரங்கு வந்தாலும் கவலை இல்லை. இப்போது வரும் கால்வால்யூம் ஷீட்டில் இரும்பின்மேல் அலுமினியம் 55 சதவீதம், துத்தநாகம் 43 சதவீதத்துக்குச் சற்று மேல், மிச்சம் சிலிக்கான் கலந்த பூச்சு இருக்கிறது. பழைய தகரத்தைப் போல நாலு வருடத்தில் பொத்துப்போகாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பக்கத்து வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டுக்கு இடையில் காற்று புகும், மண் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். ஷீட் உடனே காய்ந்து அந்தச் சூட்டை நேராகத் தலையில் இறக்குகிறது. கீழே தெர்மாகோல் சீலிங் அடித்திருக்கிறார்கள், அதற்கும் மேலே எலி. மழை பெய்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. மாட்டுக்கொட்டகைக்கும் நெல் போடும் இடத்துக்கும் ஷீட் நல்லது. எண்பது வயது அம்மா பகலெல்லாம் இருக்கும் கூடத்துக்கு நான் போடமாட்டேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பற்றி யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும், பல நாடுகளில் தடை செய்துவிட்டார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஏற்கெனவே இருந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி முழு ஷீட்டாக இறக்க வேண்டும், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டினால் போதாது.

17 ஏப்ரல் 2022

"தளம் போட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலை இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் தங்கை வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சென்னையில் 1994இல் கட்டிய வீடு. மேல்மாடியில் படுக்கையறைக் கூரையில் போன வருடம் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. நல்ல வேளை பகல், யாரும் படுத்திருக்கவில்லை. மேலே பார்த்தால் கம்பி தெரிகிறது, செதில் செதிலாகத் துரு.

கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழே உள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கும். மொட்டை மாடியில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கியது ஒரு காரணம். கம்பிக்குக் கீழே விட வேண்டிய முக்கால் அங்குலம் விடாமல், கம்பி, கான்கிரீட் ஊற்றக் கீழே அடிக்கும் சென்டரிங் பலகையில் ஒட்டிக் கிடந்ததும் ஒரு காரணம். முதலில் வந்த கொத்தனார் துருவைத் தேய்க்காமலேயே சிமெண்டை அப்பிவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி விழுந்தது.

இரண்டாம் முறை முறையாகச் செய்தார்கள். தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் வந்த இடமெல்லாம் கொத்தி, கம்பிக்குப் பின்பக்கம்வரை திறந்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவை நீக்கித் துத்தநாக பிரைமர் அடித்தார்கள். மிக மெலிந்த இடத்தில் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, பாலிமர் கலந்த சாந்து வைத்தார்கள். அப்புறம்தான் மாடிமேல் வாட்டம் சரி செய்து தண்ணீர் தடுப்புப் பூச்சு. அந்த வரிசை முக்கியம்.

அங்கே ஓரிரு இடத்தில்தான் கெட்டிருந்தது, அதனால் பழுது பார்த்தது நியாயம். அறை முழுக்கக் கம்பி மெலிந்து, தட்டின இடமெல்லாம் பொள்ளலாக இருந்தால், அல்லது வீடு கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால், ஒட்டுப்போட்டுக்கொண்டே போவதில் பயன் இல்லை. ஓர் இடத்தை மூடினால் பக்கத்தில் கிளம்பும். ஓட்டுக்கு ஆசாரியின் திருப்புளி என்றால் தளத்துக்குப் பொறியாளரின் சுத்தியல்.

24 ஏப்ரல் 2022

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுக்களைக்கு என்ன போடுவது என்று யோசித்து, பழைய சீமை ஓடு வாங்கலாம் என்று மயிலாடுதுறையில் வீடு இடித்த சாமான் விற்கும் இடத்துக்குப் போனேன். நாட்டு ஓடு எங்கள் பக்கம் இப்போது யாரும் சுடுவதில்லை, அதுவும் இப்படி இடித்த வீட்டிலிருந்துதான் கிடைக்கிறது.

சீமை ஓட்டின் முதுகில் ஆலை முத்திரை இருக்கும். ஒன்றைத் துடைத்துப் பார்த்தால் மங்களூர். இந்த ஓட்டை நம் நாட்டில் முதலில் ஆலை வைத்துச் செய்தது பாசல் மிஷன், 1865இல் மங்களூரில், ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற பாதிரியார் முன்னின்று. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அந்த வடிவம் அதற்கும் முன்னால் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் 1841இல் உரிமம் பெற்றது. கடல் தாண்டி வந்த வடிவம், அதனால்தான் நம் ஊரில் சீமை ஓடு என்ற பேரே நின்றுவிட்டது.

அந்தக் கடையில் ஒவ்வொரு ஓட்டையும் விரல் கணுவால் தட்டி எடுத்தேன். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே விரிசல். நாற்பது, ஐம்பது வருடம் யார் யார் வீட்டிலோ வெயிலும் மழையும் பட்ட ஓடு இன்னும் கணீரென்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

1 மே 2022

முடிவு எடுத்துவிட்டோம். முன்கட்டு (திண்ணை, ரேழி, கூடம்) முழுக்கப் பழுது பார்ப்பது. அடுக்களை முழுக்க மாற்றம்: உளுத்த மரம் எல்லாம் இறக்கிவிட்டு இரும்புச் சட்டம், அதன்மேல் அந்தச் சீமை ஓடு. தளமும் இல்லை, ஷீட்டும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அடுப்புக்கு நேர் மேலே ஒரு கண்ணாடி ஓடு வை" என்றார். அவ்வளவுதான், சம்மதம்.

29 மே 2022

அக்னி நட்சத்திரம் முழுக்க வேலை. நேற்று முடிந்தது. நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

ஓட்டைப் பிரிக்கும் நாளில் வீட்டுக்குள் ஒரு சாமானும் இருக்கக் கூடாது. எழுபது, எண்பது வருடத் தூசி, அணில் கூடு, ஒரு பாம்புச் சட்டை. பிரித்த ஓட்டை முற்றத்தில் அடுக்கி, ஒவ்வொன்றாகப் பாசி சுரண்டிக் கழுவினோம். பத்தில் இரண்டு உடைந்தது. அதற்குத்தான் முன்கூட்டியே பழைய ஓடு வாங்கி வைக்க வேண்டும், பிரித்த பிறகு அலைய முடியாது.

கெட்ட பதினொரு கையை மாற்றினோம் என்று எழுத ஆசை. பிரித்துப் பார்த்தபோது பதினாறு. கீழிருந்து குத்தும்போது மேல்பக்கம் உளுத்தது தெரியவில்லை. நீங்கள் ஆசாரி சொல்லும் எண்ணிக்கையோடு பாதி சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஓட்டுக்கு அடியில் கிடக்கும் மூங்கில் பிளாச்சு முழுக்கப் புதிது.

கைமர நுனிக்கும் படுக்கை மரத்துக்கும் முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுத்த எண்ணெய் இரண்டு முறை பூசினோம். கரையான் அண்டாது. ஆனால் அது தோலில் பட்டால் வெந்துபோகும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. சித்தாள் ஒருவருக்கு முழங்கையில் கொப்புளம் வந்துவிட்டது, அது என் கவனக்குறைவு, மறுநாள்தான் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

அடுக்களையில் ஆசாரி பத்தடி ஓட்டத்துக்கு ஐந்தே முக்கால் அடி உயரம் வைத்தார், சுமார் 30 பாகைச் சரிவு. அதற்குக் குறைத்தால் சீமை ஓட்டில் காற்றோடு அடிக்கும் மழை ஓடுகள் கோத்த இடத்துக்கு அடியில் ஏறும் என்றார். இரும்புச் சட்டம் சுவரில் நேராக உட்காரவில்லை, சுவர் தலையில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை போட்டு அதன்மேல் உட்கார்த்தினோம். மண்சுவருக்கு அது ஓர் அரைஞாண் மாதிரி.

செலவு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம். முதலில் நினைத்தது இரண்டரை.

12 ஜூன் 2022

முகட்டு ஓட்டுக்குச் சாந்து எது என்று கேட்டவருக்கு: சுண்ணாம்பு. மரம் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி அசையும். சுண்ணாம்பு கொஞ்சம் இடம் கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது, வெடித்துவிடும். எங்கள் கொத்தனார் அவசரத்தில் ரேழி முகட்டுக்குச் சிமெண்ட் வைத்துவிட்டார். இரண்டு வாரம்தான் ஆகிறது, மயிர்க்கோடு விழுந்துவிட்டது. கொத்தி எடுத்து மாற்றப் போகிறோம்.

13 ஜூன் 2022

அடுக்களை இரும்புச் சட்டத்துக்கும் இதே விதியா என்று கேட்டால், சரி, அங்கே சிமெண்ட் வைக்கலாம். நேற்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், நான் சொன்னது மரத்துக்கு.

7 ஆகஸ்ட் 2022

ஆடிக் காற்று. முன்கட்டில் ஓர் ஓடு நகரவில்லை. அடுக்களைச் சீமை ஓட்டின் அடியில் கம்பி கோக்க ஒரு துளை இருக்கும். கூரை ஓரமான இறவாரத்து இரண்டு வரிசையையும் அதில் கம்பி கோத்து ரீப்பரோடு கட்டியிருக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது அங்கே பெரியப்பா வீட்டில் முதலில் பறந்தது இறவாரத்து ஓடுதான். ஓரம் கிளம்பிவிட்டால் காற்று உள்ளே புகுந்து மிச்சத்தைத் தூக்கிவிடும் என்று அன்று அவர் சொன்னது மறக்கவில்லை.

13 நவம்பர் 2022

மின்சாரம் இப்போதுதான் வந்தது. 11ஆம் தேதி இரவு சீர்காழியில் பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 12 காலைவரை 24 மணி நேரத்தில் 44 செ.மீ. என் வாழ்நாளில் இப்படிப் பார்த்ததில்லை. வயலும் தெருவும் ஒன்றாகிவிட்டது, சம்பா நாற்று மூழ்கிவிட்டது. அதை நினைத்தால் கூரையைப் பற்றி எழுதவே கை வரவில்லை. ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள்.

900 சதுர அடியில் 44 செ.மீ. என்றால் ஏறக்குறைய 37 ஆயிரம் லிட்டர், மூன்று தண்ணீர் லாரி. முன்கட்டுக் கூடம் சொட்டவில்லை. பத்து வருடம் அண்டா வைத்த மேற்கு மூலையில் அம்மா பாய் விரித்துப் படுத்திருந்தார். அடுக்களைச் சீமை ஓடும் தாங்கியது.

ஒழுகிய இடம் இரண்டும் சேரும் இடம். பழைய நாட்டு ஓட்டுச் சரிவும் புதுச் சீமை ஓட்டுச் சரிவும் கூடும் கூடல்வாயில் ஓரடி அகலத் தகடு போட்டிருந்தோம். சீமை ஓட்டின் முகம் வழுவழுப்பு, சரிவும் செங்குத்து. அந்தப் பக்கத்துத் தண்ணீர் பாய்ந்து வந்து தகட்டைத் தாண்டி எதிர்ப்பக்க நாட்டு ஓட்டுக்கு அடியில் புகுந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும்வரை நானும் தங்கை மகனும் வாளி மாற்றிக்கொண்டே இருந்தோம்.

20 நவம்பர் 2022

தகட்டை மாற்றிவிட்டோம். இரண்டடி அகல ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), இரண்டு ஓரமும் ஓர் அங்குலம் மேலே மடித்து, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மடிப்பு. அந்த நடு மடிப்புதான் ஒரு பக்கத் தண்ணீர் மறுபக்கம் தாவாமல் தடுக்கிறது. பாதி பழுது, பாதி மாற்றம் என்று போகிறவர்கள் இரண்டும் சேரும் இடத்துக்குத் தனியாக யோசியுங்கள். நாங்கள் மரத்துக்கும் ஓட்டுக்கும் மாதக்கணக்கில் யோசித்தோம், தகட்டைக் கடைசி நாள் கடையில் இருந்ததை வாங்கி வந்தோம்.

11 டிசம்பர் 2022

மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் போய்விட்டது. இங்கே மிதமான மழை. தகட்டில் சொட்டு இல்லை.

16 ஜனவரி 2023

மாட்டுப் பொங்கல். ஓடு மாற்றும் பெரியவருக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்தோம். அவர் இனி ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டார், முட்டி தாங்கவில்லை. அவர் பேரன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், ஊரில் அவருக்கு அடுத்து இந்த வேலை தெரிந்த ஆள் இல்லை.

இதை நான் மார்ச்சிலேயே யோசித்திருக்க வேண்டும். நாட்டு ஓடு என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது, புரட்டாசி முடிவதற்குள், ஒருவர் மேலே ஏற வேண்டும். ஏற ஆள் இல்லாத வீட்டுக்கு என் யோசனை வேறாக இருந்திருக்கும்: மரம் நன்றாக இருந்தாலும் ரீப்பர் அடித்துச் சீமை ஓட்டுக்கு மாறுங்கள் என்று சொல்லியிருப்பேன், அதில் நகர்வது குறைவு. இன்று காலை பெரியவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானும் தங்கை மகனும் ஏறினோம். கைமரம் இருக்கும் கோட்டில் மட்டும் கால் வைக்க வேண்டும், இரண்டு கைக்கு நடுவில் வைக்கக்கூடாது. ஒன்பது ஓடு நகர்ந்திருந்தது. சரி செய்ய இரண்டு மணி நேரம் ஆயிற்று. கொல்லையில் இருநூறு ஓடு உபரியாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

22 ஜனவரி 2023

கேள்வி கேட்டவர் படங்கள் அனுப்பியிருக்கிறார், நன்றி. முகடு நேராக இருக்கிறது, அது நல்ல சேதி. மூன்றாவது படத்தில் கிழக்குக் கூடல்வாயில் ஓர் அரசங்கன்று தெரிகிறதே, அதை இழுத்துப் பிடுங்காதீர்கள், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். சமையற்கட்டுச் சுவரில் மேலே ஓர் ஓதக் கோடு இருக்கிறது. அதற்கு நேராக உள்ள படுக்கை மரத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, திருப்புளி எத்தனை விரற்கடை போயிற்று என்று எழுதுங்கள். மழைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அம்மாவிடம் கண்ணாடி ஓடு எங்கே வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள்.